மலையேறும் காரும் ஒரு சிறு பொறியும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பது நம் முன்னோர் மொழி. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள நம் ஏற்காட்டிற்கு ஒரு காரைக் கொண்டுவந்து சேர்ப்பது எது? எஞ்சின் என்போம், பெட்ரோல் என்போம். ஆனால் நடுவிரல் அளவே உள்ள ஒரு பொருளின் நுனியில், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பளிச்சென்று தோன்றி மறையும் மின்பொறி இல்லையேல் அந்த எஞ்சின் வெறும் இரும்புதான். அந்தப் பெட்ரோல் வெறும் திரவம்தான்.

அப்பொறியை எழுப்பும் பொருள்கள் இரண்டு. ஒன்று ஸ்பார்க் பிளக். மற்றொன்று இக்னிஷன் காயில். இவை பழுதுபட்டால் வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் மாற்றுவதைவிட முக்கியமான வேலை ஒன்று அதற்கு முன்னால் இருக்கிறது. அது, எது பழுதாயிற்று, ஏன் பழுதாயிற்று என்று கண்டறிவது. இக்கட்டுரையில் இரண்டையும் காண்போம்.

குருவானவர் தந்த கொடை

கார் பாட்டரி தருவது 12 வோல்ட் மட்டுமே. ஆனால் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை மின்சாரம் தாண்டிக் குதிப்பதற்குப் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் என்ற அளவில் மின்னழுத்தம் வேண்டும். பன்னிரண்டை இருபதாயிரமாக்கும் மந்திரம் எது? அதுதான் காயில்.

1831-ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்ததை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அதைத் தொடர்ந்து 1836-இல் முதல் தூண்டு சுருளைச் செய்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவர் பெயர் நிக்கோலஸ் காலன். அயர்லாந்தில் மேனூத் என்னும் ஊரிலுள்ள குருமடக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தார். புனித அல்போன்ஸ் லிகோரியின் பக்தி நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவரே. ஓர் இரும்புத் தண்டின்மேல் தடித்த கம்பியைச் சில சுற்றுகளும், மெல்லிய கம்பியை மிகப் பல சுற்றுகளும் சுற்றினார். தடித்த கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால், மெல்லிய கம்பியில் மிகப் பெரிய மின்னழுத்தம் பிறப்பதைக் கண்டார். அந்நாளில் வோல்ட்டை அளக்கக் கருவி இல்லாததால் மாணவர்களின் கைகளே அளவுகோலாயின! அதிர்ச்சியில் மயங்கி விழுந்த ஒரு மாணவர் பின்னாளில் டப்ளின் நகரின் பேராயரானாராம்.

நம் காரிலுள்ள காயிலும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அதில் முதன்மைச் சுருள் என்றும் துணைச் சுருள் என்றும் இரண்டு உண்டு. துணைச் சுருளில் ஏறத்தாழ நூறு மடங்கு அதிகச் சுற்றுகள். முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டம் நின்றவுடன் காந்தப்புலம் சரிந்து விழுகிறது; அந்த நொடியில் துணைச் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது.

பொறியின் பணி

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் முதலில் கீழிறங்கிக் காற்றையும் பெட்ரோலையும் உள்ளிழுக்கிறது. அடுத்து மேலேறி அதை அமுக்குகிறது. அமுக்கம் முடியும் தறுவாயில் பொறி விழ, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இறுதியில் புகை வெளியேறுகிறது. இந்த நான்கில் வேலை செய்வது ஒன்றே. மற்ற மூன்றும் அதற்கான ஆயத்தமே.

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் 1500 முறை பொறி விழவேண்டும். அதாவது நொடிக்கு 25 முறை. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்தால் நொடிக்கு 100 பொறிகள்! இவற்றில் நான்கில் ஒன்று தவறினால் கார் குலுங்கும். இதைத்தான் நம் ஊர் மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங்" என்கிறார்கள்.

பிளக்கின் நடுவே வெள்ளைப் பீங்கான் போலத் தெரிவது அலுமினா என்னும் பொருள். பல்லாயிரம் வோல்ட்டைத் தடுத்து, எரியும் வெப்பத்தையும் தாங்கும் வல்லமை அதற்கு உண்டு. அலுமினாவின் தாதுப்பொருள் பாக்சைட். நம் சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பிய காலம் உண்டு. ஆகவே பிளக்கின் பீங்கானும், அது பொருந்தியிருக்கும் எஞ்சினின் அலுமினிய மேல்பகுதியும் நம் மலைமண்ணுக்கு உறவினர் என்றால் மிகையாகாது.

அம்பாசிடர் காலமும் இக்காலமும்

ஜெர்மனியில் ராபர்ட் போஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனால்ட் 1902-இல் உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். பின்னர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் பாட்டரியும் காயிலும் கொண்ட முறையை வடிவமைத்தார். 1910-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. நம் நாட்டில் 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் பிளக்குகள் வீட்டுக்கு வீடு அறிந்த பெயராயின. அந்நிறுவனம் 2008 முதல் போஷ் என்றே வழங்குகிறது.

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் கார் இந்த மலைப்பாதையில் பல்லாண்டுகள் உழைத்த வண்டி. பெட்ரோல் அம்பாசிடரில் காயில் ஒன்றே ஒன்று. அதிலிருந்து வரும் மின்சாரத்தை டிஸ்டிரிபியூட்டர் என்னும் கருவி 1, 3, 4, 2 என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் வயர் வழியாகப் பங்கிட்டுத் தரும். பனி மூடிய காலையில் டிஸ்டிரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொண்டால் வண்டி கிளம்பாது. அக்கால ஓட்டுநர்கள் மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி பொருத்துவார்கள். வண்டியும் கிளம்பிவிடும்.

இன்றைய பெட்ரோல் கார்களில் டிஸ்டிரிபியூட்டர் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் ஒரு காயில் அமர்ந்திருக்கிறது. எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் தருவது என்பதைச் சிறு கணினி தீர்மானிக்கிறது. சில கார்களில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு காயில் இருக்கும். நம் மலைக் கிராமங்களில் ஓடும் டீசல் ஜீப்புகளுக்கு இக்கட்டுரை பொருந்தாது. டீசல் எஞ்சினில் அமுக்கத்தின் வெப்பத்தாலேயே எரிபொருள் பற்றிக்கொள்வதால் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

மலையேறும்போது மட்டும் ஏன்?

சேலம் நகரில் ஒழுங்காக ஓடும் கார், அடிவாரம் தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் குலுங்கத் தொடங்குவதைப் பலர் கண்டிருப்பார்கள். "மலைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். உண்மைக் காரணம் வேறு.

மின்பொறி தாண்டவேண்டிய காற்று எவ்வளவு அமுக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு அதிக மின்னழுத்தம் தேவை. சமவெளியில் ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்தே ஓட்டுகிறோம், சிலிண்டருக்குள் புகும் காற்றும் குறைவு, அமுக்கமும் குறைவு. மேட்டில் ஆக்சிலரேட்டரை ஆழ மிதிக்கிறோம், காற்று நிறையப் புகுகிறது, அமுக்கம் ஏறுகிறது, பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது. நலிந்த காயிலால் அதைத் தரமுடிவதில்லை. பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ தேவை இன்னும் கூடுகிறது. அப்போது மின்சாரம் எளிய வழியைத் தேடிக்கொள்ளும். விரிசல் விட்ட பீங்கான் வழியாகவோ, ஈரமான ரப்பர் உறை வழியாகவோ வெளியே ஓடிவிடும். மழையும் மூடுபனியும் நிறைந்த நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?

நோய் அறிதல்

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து தரவேண்டும் என்று திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவருக்கு அறிவுரை கூறுகிறார். மெக்கானிக்குக்கும் அது பொருந்தும்.

ஸ்டியரிங் அருகே மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் போட்ட விளக்கு ஒன்று உண்டு. அது நிலையாக எரிந்தால் விரைவில் சோதிக்கவேண்டும் என்று பொருள். மினுக்கினால் ஆபத்து. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் சேர்ந்து, புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்னும் விலையுயர்ந்த பாகத்தைச் சூடேற்றிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பதே அதன் எச்சரிக்கை. அப்போது வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

காரின் கணினியில் ஸ்கேனர் என்னும் சிறு கருவியைச் செருகினால் குறியீடு ஒன்று தெரியும். பி-0301 என்றால் முதல் சிலிண்டரில் பொறி தவறுகிறது. பி-0303 என்றால் மூன்றாவதில். பி-0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று என்றில்லாமல் பலவற்றில் மாறி மாறி.

மூன்றாவது சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். உடனே கடைக்கு ஓடலாமா? கூடாது. எஞ்சினை நிறுத்தி, மூன்றாவது காயிலைக் கழற்றி முதலாவதன் இடத்திலும், முதலாவதை மூன்றாவதன் இடத்திலும் வைக்கவேண்டும். பழைய குறியீட்டை அழித்து ஓட்டிப் பார்த்தால், குறியீடு பி-0301 என்று மாறி வந்தால் காயில்தான் குற்றவாளி. நோய் அதனோடு இடம் பெயர்ந்துவிட்டது. மூன்றிலேயே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து இதே போலப் பிளக்குகளை இடம் மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் மூன்றிலேயே நின்றால், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரோ, வயரோ, சிலிண்டரின் அமுக்கமோ காரணமாக இருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை. இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாயும் செலவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் தந்தை வாடகைக் கார் ஓட்டுகிறார். நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. ஒரு நவம்பர் மாதம், பாட்டியைச் சேலத்து மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்புகையில், பதின்மூன்றாம் வளைவருகே வண்டி குலுங்கியது, விளக்கு மினுக்கியது. நல்ல மழை, எதிரில் பத்தடி தூரம்கூடத் தெரியாத பனி. அப்பா அகலமான ஓரத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பாட்டி ஜெபமாலையை உருட்டியபடியே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார்.

மறுநாள் சமவெளியில் ஒரு பட்டறையில் விட்டோம். நான்கு பிளக்குகளையும் மூன்றாம் காயிலையும் மாற்றித் தந்தார்கள். மூன்றே வாரத்தில் அதே வளைவுகளில் அதே குலுக்கல். வேறோர் இடத்தில் பெட்ரோல் பம்பையே மாற்றவேண்டும் என்றார்கள். வாடகைக்கு ஓடாத ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டில் எண்ணிச் செலவழிக்கும் நாள். என் பள்ளிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்திருந்த பணத்தை அம்மா இரண்டு முறை எண்ணிப் பார்த்ததை நான் கண்டேன்.

அந்த ஞாயிறன்று, பூசை முடிந்து வந்ததும், ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்த என் மாமா வந்தார்.

"புதுக் காயில் மூணு வாரத்துல ஏன் போச்சுன்னு யாராச்சும் பார்த்தாங்களா மச்சான்?" என்று அப்பாவைக் கேட்டார்.

"பார்த்த மாதிரி தெரியலையே" என்றார் அப்பா.

மூன்றாம் காயிலை மாமா உருவினார். அதன் ரப்பர் உறை எண்ணெயில் ஊறிப் பருத்திருந்தது. பிளக் அமரும் ஆழமான குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் எஞ்சின் ஆயில் தேங்கிக் கிடந்தது! எஞ்சினின் மேல் மூடியில், பிளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதன் வழியே ஆயில் கசிந்து, உறையைக் கெடுத்து, மின்சாரத்தைத் திருட்டு வழியில் ஓடவிட்டிருக்கிறது. பழைய காயில் செத்ததும் அதனால்தான். புதியது செத்ததும் அதனால்தான்.

மேல் மூடிக்குரிய ரப்பர் கேஸ்கெட்டின் விலை ஒரு காயிலின் விலையில் பாதிகூட இல்லை. கேஸ்கெட்டையும் வளையங்களையும் மாமா மாற்றினார். குழியைத் துடைத்த பிறகு, "கண்ணு, உன் கை சின்னது, நீ வா" என்று என்னை அழைத்தார். காயில்களையும் பிளக்குகளையும் நான் கழற்றினேன். அப்பா ஒவ்வொன்றாகப் பார்வையிட்டார். அம்மா டார்ச் பிடித்தார். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருடையது என்று காகிதத்தில் எழுதி வைத்ததும் அம்மாதான். அடுத்து வந்த மே மாதக் கோடை விழா முழுவதும் எங்கள் வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை.

பாகத்தை மாற்றுவது பாதி வேலையே. காரணத்தை நீக்குவதுதான் மறுபாதி என்று அன்று கற்றேன்.

தேவையான கருவிகள்

10 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் (சில கார்களுக்கு 8 மி.மீ.), பிளக் ஸ்பேனர், நீட்டுத் தண்டு, ராட்செட் கைப்பிடி, இடைவெளி அளக்கும் பில்லர் கேஜ், டார்ச் விளக்கு, உலர்ந்த பருத்தித் துணி, சைக்கிள் பம்பு, ஒரு சாண் நீளமுள்ள ரப்பர் குழாய். பிளக் ஸ்பேனர் பழைய கார்களுக்கு 21 மி.மீ.; இன்றைய பல கார்களுக்கு 16 அல்லது 14 மி.மீ. எந்தப் பிளக், எவ்வளவு இடைவெளி என்பதைக் காரின் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் பிளக்குகளிலும் திருகு நீளம் மாறுபடும். நீளமானதைப் பொருத்தினால் பிஸ்டன் வந்து இடிக்கும்.

மாற்றும் முறை

1. சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எஞ்சின் முழுவதும் ஆறும்வரை காத்திருங்கள். அலுமினியம் சூட்டில் விரிந்திருக்கும். அப்போது பிளக்கைக் கழற்றினால் அதன் மரைகள் அறுந்துவிடக் கூடும். சாவியை எடுத்துவிடுங்கள். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.

2. எஞ்சின்மேல் பிளாஸ்டிக் மூடி இருந்தால் எடுங்கள். ஒரு காயிலை மட்டும் கவனியுங்கள். வயர் பின்னின் பூட்டு நாக்கை அழுத்தி மெல்ல இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பழைய பிளாஸ்டிக் எளிதில் முறியும்.

3. காயிலின் போல்ட்டைக் கழற்றுங்கள். காயிலை இடமும் வலமும் சற்றே திருப்பி, நேராக மேலே உருவுங்கள். ரப்பர் உறையில் விரிசல், எண்ணெய், மெல்லிய கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

4. குழிக்குள் தூசியோ ஈரமோ இருந்தால் சைக்கிள் பம்பால் காற்றடித்து வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் மண் நேரே சிலிண்டருக்குள் விழும். கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.

5. பிளக்கை இடப்புறமாகத் திருகி எடுங்கள். இறுக்கமாக இருந்தால் மல்லுக்கட்டாமல், கொஞ்சம் தளர்த்தி, மீண்டும் கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள்.

6. புதிய பிளக்கின் இடைவெளியைக் கேஜால் அளந்து பாருங்கள். இன்றைய கார்களில் இது பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மி.மீ. வரை. இரிடியம், பிளாட்டினம் முனை கொண்டவை ஊசி போல் மெலிந்தவை. அவற்றை வளைக்க முயலாதீர்கள். கீழே விழுந்த பிளக்கைப் பயன்படுத்த வேண்டாம். உள்ளே பீங்கான் விரிந்திருக்கலாம்.

7. பிளக்கின் தலையை ரப்பர் குழாயில் செருகி, குழிக்குள் இறக்கி, விரல்களாலேயே வலப்புறமாகத் திருகுங்கள். மரை கோணலாக விழுந்தால் குழாய் கையில் வழுக்கிச் சுற்றிவிடும், மரை கெடாது. ஸ்பேனரால் திருகினால் இந்த எச்சரிக்கை நமக்குக் கிடைக்காது.

8. கையால் முழுவதும் இறங்கிய பின்னரே ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். வளையம் உள்ள புதிய பிளக்குக்கு ஏறத்தாழ அரைச்சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை போதும். வளையமின்றிச் சரிவான அடி கொண்ட பிளக்குக்குச் சுற்றில் பதினாறில் ஒரு பங்கே போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டு அளவின்படி இறுக்குவதே சிறந்தது.

9. காயிலை நேராக அழுத்திப் பொருத்தி, போல்ட்டை அளவாக இறுக்கி, வயர் பின்னைச் சொருகுங்கள். 'கிளிக்' என்ற ஓசை கேட்கவேண்டும்.

10. இதே போல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பின்கள் மாறிப்போகும். முடிவில் பாட்டரியை இணைத்து, எஞ்சினை இயக்கிக் காது கொடுத்துக் கேளுங்கள். கணகணவென்று ஒரே சீராக ஓடினால் வேலை முடிந்தது.

பிளக்கின் முகம்

கழற்றிய பிளக்கை எறிந்துவிடாதீர்கள். அதன் நுனி எஞ்சினின் நலத்தைச் சொல்லும். இளம் பழுப்போ சாம்பல் நிறமோ இருந்தால் எஞ்சின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. ஏர் பில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிலிண்டருக்குள் ஆயில் புகுகிறது. வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் அளவுக்கு மீறிய சூடு. முனை தேய்ந்து உருண்டிருந்தால் அதற்கு முதுமை. சாதாரண நிக்கல் முனைப் பிளக் 20,000 முதல் 40,000 கி.மீ. வரையிலும், இரிடியம் முனை உள்ளது ஏறக்குறைய 1,00,000 கி.மீ. வரையிலும் உழைக்கலாம், எனினும் கையேடு சொல்வதே முடிவு.

செய்யக் கூடாதவை

எஞ்சின் ஓடும்போது காயிலையோ பிளக் வயரையோ தொடாதீர்கள். பழைய மெக்கானிக்குகள் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பொறி பார்ப்பார்கள். இன்றைய காயில்களில் அது உயிருக்கும் காயிலுக்கும் கேடு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்கள் அருகே நிற்கவே கூடாது. எஞ்சின்மேல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள்; நீர் பிளக் குழிகளில் தேங்கும். தொள தொளத்த துப்பட்டாவும், நீண்டு தொங்கும் பின்னலும், கை வளையலும் இவ்வேலைக்கு ஆகா. நம் வயதினர் பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் பானட்டைத் திறக்கவே வேண்டாம்.

ஒரு வீரப் பெண்மணி

"பெண்ணுக்கு எதற்கு ஸ்பேனர்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்லலாம். 1888 ஆகஸ்டில், கார்ல் பென்ஸ் செய்த காரை அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் ஓட்டிச் சென்றார். மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேல். உலகில் காரில் செய்த முதல் நெடும்பயணம் அதுவே. வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பொறிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வயரின் உறை தேய்ந்தபோது, காலுறையைக் கட்டும் பட்டையை அதன்மேல் சுற்றினார். மேடுகளில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அவர்களில் மூத்தவன் ஆய்கனுக்கு அப்போது 15 வயது. நம் வகுப்பினரின் வயது!

முடிவுரை

தோழியரே, காயிலுக்குள் இருப்பது நாம் தேர்வுக்காகப் படிக்கும் அதே மின்காந்தத் தூண்டல்தான். புத்தகத்தில் அது ஐந்து மதிப்பெண். மழைநாளில் பதின்மூன்றாம் வளைவில் அது ஒரு குடும்பத்தின் வருமானம். ஒரு நோயாளியின் நேரம். எனவே பெற்றோர்களே, உங்கள் கார் குலுங்கினால் எந்தச் சிலிண்டர் என்று முதலில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது ஏன் கெட்டது என்று கேட்ட பிறகே புதியதற்குப் பணம் கொடுங்கள். முடிந்தால், அடுத்த முறை பானட்டைத் திறக்கும்போது டார்ச் பிடிப்பதற்கு உங்கள் மகளையும் கூப்பிடுங்கள்; சிறிது நேரத்தில் ஸ்பேனரையும் அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள்.